எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போகிறீர்கள்?

கோத்தகிரிப் பக்கத்து ஊர், ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு, ஆசிரியராக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பி.எட். எங்கே படிப்பது, டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு இப்போதே கோவையில் கோச்சிங் சேரலாமா, கல்லூரிக்குப் போகாமலே பி.எட். முடிக்க முடியுமா, பிளஸ் டூ படிக்கும் தம்பியும் இதே வழிக்கு வரலாமா. நான்கு கேள்விகள். நான்குக்கும் முன்னால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது: எந்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறீர்கள்? அதை முடிவு செய்தால் படிப்பு, தேர்வு, எத்தனை வருடம் எல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும். அதை விட்டுவிட்டு "டீச்சர் வேலை" என்று பொத்தாம்பொதுவாகக் கிளம்பியவர்கள்தான் பட்டம் கையில் வந்த பிறகு அங்கும் இங்கும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மூன்று நிலை. 1 முதல் 5 வரை இடைநிலை ஆசிரியர். பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருட டி.எல்.எட். என்னும் தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம், அதோடு டெட் முதல் தாள். 6 முதல் 10 வரை பட்டதாரி ஆசிரியர். பட்டம், பி.எட்., டெட் இரண்டாம் தாள். 11, 12க்கு முதுகலை ஆசிரியர். முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும், டெட் கிடையாது, ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு மட்டும். தொடக்க அடிப்படை ஊதியம் முறையே 20,600, 36,400, 36,900 ரூபாய். முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் உள்ள அந்த இடைவெளிதான் இடைநிலை ஆசிரியர்கள் வருடக்கணக்காகப் போராடுவதற்குக் காரணம். இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இருப்பது ஐந்நூறு ரூபாய்தான். எனவே சம்பளத்தை மட்டும் பார்த்து எம்.எஸ்சி.க்கு ஓட வேண்டாம். கணிதம் பிடித்திருந்தால் ஓடுங்கள், அது வேறு.

முன்பு பி.எட். படித்தால் சின்ன வகுப்புக்கும் போகலாம் என்று ஒரு வழி இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018-ல் அப்படி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆகவே சின்னப் பிள்ளைகளோடு இருப்பதுதான் உங்களுக்குப் பிடித்தது என்றால் பி.எட். உதவாது, டி.எல்.எட். தான் வழி. இது உங்கள் தம்பிக்கும் பொருந்தும்.

உங்கள் பாடம் கணிதம். அந்த வகையில் தப்பித்தீர்கள். உங்களோடு பஸ்ஸில் வரும் வணிகவியல், பொருளாதாரம் படிக்கிற தோழிகளுக்கும் பி.எட். ஆசை இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். இந்தப் பாடங்கள் மேல்நிலை வகுப்பில் மட்டும் இருப்பதால், இவற்றில் முதுகலை முடித்தவர்களைத்தான் தமிழ்நாட்டில் பி.எட்.டுக்கு எடுப்பார்கள். பி.காம். முடித்த கையோடு விண்ணப்பம் வாங்கப் போய் வாசலிலேயே திரும்பி வந்த பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. கணினி அறிவியல் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினிப் பயிற்றுநர் பணிக்கு முதுகலை வேண்டும். இன்னொன்று, புதுப் பெயர்களில் வரும் பட்டங்கள். பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி என்று படித்தவர்கள், அது தாவரவியலுக்கோ விலங்கியலுக்கோ இணை என்று அரசாணை இருக்கிறதா எனத் தேடித்தான் ஆக வேண்டும். பெயரில் ஒரு சொல் கூடினாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திக் கேட்பார்கள்.

சரி, பி.எட். எங்கே?

நீலகிரியில் அரசு கல்வியியல் கல்லூரி இல்லை. மாநிலம் முழுவதும் அரசுக் கல்லூரிகள் ஏழுதான்: சென்னையில் சைதாப்பேட்டையும் லேடி வெலிங்டனும், அப்புறம் கோவை, குமாரபாளையம், புதுக்கோட்டை, ஒரத்தநாடு, வேலூர். கோவையில் இருப்பது மகளிர் கல்லூரி, உங்களுக்கு அருகில் உள்ளதும் அதுதான். உதவி பெறும் கல்லூரிகளில் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயக் கல்வியியல் கல்லூரி மேட்டுப்பாளையம் சாலையிலேயே இருக்கிறது, ஆனால் ஆண்களுக்கானது. அரசு, உதவி பெறும் இடங்களுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண், இட ஒதுக்கீடு, பாடவாரி இடம் இவற்றை வைத்து ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு. அதாவது இப்போது நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் செமஸ்டர் மதிப்பெண்தான் நுழைவுத் தேர்வு. அரியர் இருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

"காலேஜுக்கு வர வேண்டாம், ரெக்கார்டும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று சொல்லும் இடங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். உறவுக்காரர் ஒருவர் அப்படி முடித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். 2014 விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு வருடம், அதில் பள்ளியில் செய்யும் பயிற்சி மட்டும் 20 வாரம். அந்த இருபது வாரம்தான் பி.எட்.டிலேயே உருப்படியான பகுதி. மைக்ரோ டீச்சிங், லெசன் பிளான், சார்ட் ஒட்டுவது, செய்முறைத் தேர்வுக்குக் கமிஷன் வரும்போது நடுங்குவது எல்லாம் சேர்ந்துதான் நாற்பது பிள்ளைகள் முன்னால் குரல் வெளியே வருகிறது. காசு கொடுத்து அதைத் தவிர்த்தவர் முதல் நாள் எட்டாம் வகுப்பில் பத்தாவது நிமிடமே மாட்டிக்கொள்வார். பிள்ளைகள் மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள்.

தொலைதூர பி.எட். என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவும் நடத்துகின்றன. ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும், அப்படி முடித்துத் தொடக்க வகுப்புகளில் வேலையில் இருப்பவர்களுக்கும் உரியது. பி.எஸ்சி. முடித்துவிட்டு நேராகச் சேர வழியில்லை.

தம்பிக்கு வருவோம். அவருக்கு உங்களுக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு இருக்கிறது: பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பு. நீங்கள் போகும் வழியில் மூன்றும் இரண்டும் ஐந்து வருடம், அவருக்கு நான்கு. இப்போது இதை ஐ.டி.இ.பி. என்கிறார்கள். சேர்க்கை, தேசியத் தேர்வு முகமை நடத்தும் என்.செட் நுழைவுத் தேர்வு வழியாக, தமிழிலும் எழுதலாம். மலைப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது மைசூருவில் உள்ள மண்டலக் கல்வியியல் நிறுவனம். மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் 1963 முதல் இயங்குவது, தென் மாநிலங்களுக்கானது, ஆசிரியர்களை உருவாக்குவதையே தொழிலாக வைத்திருக்கும் இடம். ஊட்டியிலிருந்து கூடலூர், முதுமலை வழியாக ஏறக்குறைய 160 கிலோமீட்டர். பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள், விடுமுறைக்கு வரும்போது அதைக் கணக்கில் வைத்தால் போதும். பழைய பெயரில் பி.எஸ்சி.பி.எட். நடத்தும் தனியார் கல்லூரிகள் சிலவும் ஆள் சேர்க்கக்கூடும். அந்தப் படிப்புகளை ஐ.டி.இ.பி.க்கு மாறச் சொல்லியிருக்கிறது தேசியக் குழுமம். பணம் கட்டும் முன் அந்த ஆண்டுக்கான அங்கீகார ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த பஸ் பிடியுங்கள். ஒரு வருட பி.எட். திரும்ப வருகிறது என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். 2025-ல் ஒரு வரைவு வெளியானது, அதிலும் நான்கு வருடப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு என்றுதான் இருந்தது. அதை நம்பி உங்கள் திட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி டெட். இதில்தான் குழப்பம் அதிகம், காசும் அதிகம் போகிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. அதன்படி 2010 ஆகஸ்ட் 23 அறிவிக்கை 8-ஆம் வகுப்பு வரை பாடம் நடத்துபவருக்கு டெட் கட்டாயம் என்றது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். கூச்சல் எழுந்து, அக்டோபரில் மறுபடி வைத்தபோது மூன்று மணி நேரமாக்கினார்கள். அதற்குப் பிறகு 2013, 2017, 2019, 2022, 2025. இந்த வரிசையைப் பாருங்கள். வருடா வருடம் வரும் தேர்வு என்று நினைத்துக்கொண்டு "அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்றவர்களுக்கு அடுத்த தடவை நான்கு வருடம் கழித்து வந்தது. பி.எட். இறுதி ஆண்டில் இருப்பவர்களையும் எழுத அனுமதித்திருக்கிறார்கள், எனவே அந்த ஆண்டில் அறிவிக்கை வந்தால் விடாதீர்கள். ஒருமுறை தேறிவிட்டால் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும். முன்பு ஏழு வருடம்தான் இருந்தது, 2021-ல் மாற்றினார்கள். 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும். அதனால் இனிமேல் தேர்வு கொஞ்சம் அடிக்கடி வரலாம் என்பது என் கணிப்பு.

இரண்டாம் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் 60. தவறான விடைக்குக் கழிவு இல்லை. பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 90 மதிப்பெண். மற்றப் பிரிவினருக்கு மாநில அரசு தளர்வு கொடுக்கிறது, அதை அந்தந்த அறிவிக்கையில்தான் பார்க்க வேண்டும், நண்பர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் படத்தில் பார்க்கக் கூடாது. கணக்குப் பிள்ளைகள் வழுக்குகிற இடம் கணக்கில் இல்லை, அறிவியலில். பத்தாம் வகுப்போடு உயிரியலை மறந்தவர்கள் செல், சுரப்பி, இலையின் அமைப்பு என்று திரும்பப் படிக்க வேண்டும். அதற்கு கைடு வேண்டாம். 6 முதல் 10 வரை சமச்சீர்ப் பாடநூல்கள் போதும், ஊரில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடமே இருக்கும். தமிழுக்கும் அதே நூல்கள்தான். செய்யுள் ஆசிரியர் பெயர், சொற்பொருள், இலக்கணக் குறிப்பு வரை கேட்பார்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியவே தெரியாது. டெட் தேறினால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. முன்பு பிளஸ் டூ, பட்டம், பி.எட்., டெட் மதிப்பெண்களைக் கூட்டி வெயிட்டேஜ் என்று போட்டு ஆள் எடுத்தார்கள். 2018-ல் வந்த அரசாணை 149 அதை நீக்கிவிட்டது. இப்போது டெட் தகுதி மட்டும். நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு, பட்டதாரி ஆசிரியருக்கு 2024 பிப்ரவரி 4 அன்று அப்படித்தான் நடந்தது. அந்தத் தேர்வில் முதலில் 50 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தாள், அதில் 20 எடுத்தால்தான் அடுத்ததைத் திருத்துவார்கள். அப்புறம் 150 மதிப்பெண்ணுக்கு உங்கள் பாடம், பட்டப்படிப்பு அளவில். டெட்டுக்கு வேண்டியது ஆறாம் வகுப்புப் புத்தகத்தின் அகலம், நியமனத்துக்கு வேண்டியது நீங்கள் இன்று வகுப்பறையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கும் பி.எஸ்சி. கணிதத்தின் ஆழம். செமஸ்டருக்காக மனப்பாடம் செய்து மறந்துவிட்டு, ஐந்து வருடம் கழித்து அதையே கோச்சிங் சென்டரில் காசு கொடுத்துப் படிக்கிறார்கள். ஆகவே கோவை கோச்சிங் இப்போது தேவையில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மலை இறங்கி ஏறுவதில் போய்விடும், படிப்பு எங்கே நடக்கும்? உங்கள் கல்லூரிப் பேராசிரியர்களை இந்த இரண்டு வருடம் நன்றாகத் தொந்தரவு செய்யுங்கள். இயற்கணிதமும் பகுப்பாய்வும் புரிந்து படித்தால் அதுவே போட்டித் தேர்வுக்குப் பாதி.

குழந்தை வளர்ச்சிப் பகுதியை மட்டும் இப்போதே தொட்டு வைக்கலாம், ஏனென்றால் அது மனப்பாடத்தில் ஒட்டாது. பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க், எரிக்சன், ஸ்கின்னர் என்று உளவியலாளர்களைப் பெயர்ப் பட்டியலாகப் படிப்பவர்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் விழுந்துவிடுவார்கள். வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால் ஒரே அளவு இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் காட்டி, ஒன்றை அகலமான குண்டாவில் மாற்றி, "எதில் அதிகம்?" என்று கேட்டுப் பாருங்கள். டம்ளரைத்தான் காட்டும். எட்டு வயதுப் பிள்ளை உங்களை விநோதமாகப் பார்க்கும். பியாஜே சொன்ன மாறாத்தன்மை அவ்வளவுதான், இனி மறக்காது. வைகாட்ஸ்கியை இன்னும் எளிதாகப் பார்க்கலாம். சிறு தேயிலை விவசாயி வீட்டுப் பையன், இலை நிறுக்கும்போது ஈரத்துக்குக் கழிவு எவ்வளவு என்று அப்பாவோடு நின்று வாய்க்கணக்காகச் சொல்வான். அதே பையன் பள்ளியில் சதவீதக் கணக்கில் பூஜ்ஜியம் வாங்குவான். அவனுக்குத் தெரிந்ததற்கும் தாளில் கேட்பதற்கும் நடுவில் இருக்கும் அந்தத் தூரத்தில்தான் ஆசிரியருக்கு வேலை. இலைச் சீட்டைக் கையில் கொடுத்துச் சதவீதம் ஆரம்பித்துப் பாருங்கள்.

இந்த மலையில் ஆசிரியராக இருக்க எந்தப் பாடத்திட்டத்திலும் முழுதாக இல்லாத சில தயாரிப்பு வேண்டும். ஒரே வகுப்பில் வீட்டில் படுக மொழி பேசும் பிள்ளை, இருளர் பிள்ளை, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேரன், கூடலூர்ப் பக்கமானால் பணியர், காட்டுநாயக்கர், மலையாளம் பேசும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பாடநூல் தமிழ் இவர்களில் பலருக்கு இரண்டாம் மொழி. பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை "மந்தம்" என்று முத்திரை குத்திவிடுவது சுலபம். பழங்குடிப் பிள்ளைகளுக்காகக் கூடலூரில் நடக்கும் வித்யோதயா பள்ளியை முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்தச் சமூகத்திலிருந்தே ஆசிரியர்களை உருவாக்கியவர்கள் அவர்கள்.

தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்பது மேலே சாதாரணம். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து உட்காரவைக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு விடுமுறையில் ஒரு வாரம் பின்னால் உட்கார்ந்து அதைக் கவனியுங்கள். மாலையில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வகுப்பும் நடத்துங்கள், இல்லம் தேடிக் கல்வி மையம் நடந்தால் அதிலேயே சேரலாம். ஒரு மாதத்தில் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். ஒத்துவரவில்லை என்றாலும் நல்லதே, பி.எட். கட்டணம் மிச்சம்.

அரசு வேலை மட்டும்தான் என்று கண்ணைக் கட்டிக்கொள்ளவும் வேண்டாம். டெட் தேறிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம், இடங்கள் குறைவு. மத்திய அரசின் ஆசிரியர் தகுதித் தேர்வான சீடெட்டையும் சேர்த்து எழுதுங்கள். அருவங்காட்டில் கேந்திரிய வித்யாலயா இருக்கிறது, முத்தோரை பாலாடாவில் ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. இரண்டுக்கும் தேசிய அளவில் ஆள் எடுப்பார்கள், பணியிடம் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. லவ்டேல் லாரன்ஸ் போன்ற உறைவிடப் பள்ளிகளுக்கு ஆங்கிலத்தில் சரளமாகப் பாடம் நடத்த வரவேண்டும், விடுதிப் பொறுப்பும் சேர்ந்து வரும். அரசுப் பள்ளிகளில் காலியிடம் நிரம்பும் வரை பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக நியமனமும் உண்டு. சமவெளியிலிருந்து வருபவர்கள் மாறுதல் கலந்தாய்வில் இடம் கிடைத்ததும் இறங்கிவிடுவதால், மேலே அந்த வாய்ப்பு வந்துகொண்டே இருக்கும். சம்பளம் குறைவுதான், ஆனால் டெட் தேறிய உள்ளூர்ப் பெண்ணுக்குத் தலைமையாசிரியர்கள் ஆசையோடு கதவைத் திறப்பார்கள்.

கடைசியாக, இந்த மே மாத விடுமுறையில் செய்ய வேண்டியது. நீங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்திருந்தால் அரசு நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒன்றாம் வகுப்பு முதல் ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். எஸ்டேட் பள்ளியில் தொடங்கி இரண்டு மூன்று இடம் மாறியவர்களுக்கு இது பெரிய அலைச்சல். பள்ளி மூடப்பட்டிருந்தாலோ வேறு பள்ளியோடு இணைக்கப்பட்டிருந்தாலோ பதிவேடு எங்கே போனது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிறந்த தேதி, இனிஷியல், அப்பா பெயர் எழுத்து எல்லாச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சாதிச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வையுங்கள். தேர்வு மையம் சமவெளியில் விழுந்தால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரிச் சாலையில் மண் சரிந்தால் காலை பஸ்ஸை நம்ப முடியாது.